"ஒரே ஒரு மேட்ச்சும்மா!"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு இரும்பு உருக்காலையில் வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து அவர் படுத்து விட்டால் வீட்டில் ஒரு சத்தம் கூடாது. பையனை வெளியே போய் விளையாடச் சொல்லலாமென்றால், தெருமுனையிலேயே ஜி.என்.டி. ரோடு, லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஆகவே ஏழாவது படிக்கும் பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து, காதில் ஹெட்போனையும் மாட்டிவிட்டு, இவர் அடுப்பு வேலையைக் கவனிக்கிறார்.

"முதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. இப்போ சாப்பிடக் கூப்பிட்டா 'ஒரே ஒரு மேட்ச்சும்மா'ங்கிறான். போனைப் பிடுங்கினா அழுது கத்தி, தூங்குற மனுஷரை எழுப்பிடறான். போன மாசம் என் அக்கவுன்ட்டிலேருந்து 1,200 ரூபா போயிடுச்சு. துப்பாக்கிக்குப் புது கலர் வாங்கினானாம்! யார் கூடவோ ஹிந்தியில வேற பேசறான். போனைத் தூக்கி எறிஞ்சிடட்டுமா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறார்.

எறிய வேண்டாம், அம்மா! இந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து வீட்டுப் பாடம்கூட அந்த போனில்தான் வருகிறது. அதை எறிவதற்கு முன்னால், அந்த விளையாட்டை யார் செய்கிறார்கள், எப்படிக் கட்டி நடத்துகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே விட்டுக் கொடுக்கலாம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

போனுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது

நாம் நினைப்பது போல இந்த ஆன்லைன் விளையாட்டு பையன் கையிலிருக்கும் போனுக்குள் நடப்பதில்லை. எங்கேயோ ஓர் ஊரில், கம்பெனிக்காரரின் பெரிய கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதற்கு 'சர்வர்' என்று பெயர். பல ஊர்களிலிருந்து பலர் ஒரே சமயத்தில் அதற்குள் போய் விளையாடுகிறார்கள். நம் பிள்ளையின் போன் அந்த மைதானத்தை எட்டிப் பார்க்கிற ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

இது நேற்று வந்த சமாசாரமும் அல்ல. 1978-ல் இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ராய் ட்ரப்ஷா என்பவர் 'மட்' என்று ஒரு விளையாட்டைத் தொடங்கினார். கூடப் படித்த ரிச்சர்ட் பார்ட்டில் பிறகு அதை வளர்த்தார். அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் எழுத்துதான். "வடக்கே போ", "கதவைத் திற" என்று தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் ஒரு புதுமை இருந்தது. நீங்கள் நுழைகிற அறையில் இன்னொரு ஆள் நிஜமாகவே நின்று கொண்டிருப்பார். அவரோடு பேசலாம், சேரலாம், சண்டையும் போடலாம். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் அந்த விதையிலிருந்து முளைத்த மரங்கள்தான்.

ஏன் நடுவில் நிறுத்த மாட்டேன் என்கிறான்?

பப்ஜி, அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. போன்றவற்றின் அமைப்பைப் பாருங்கள். நூறு பேர் வரை ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். நேரம் ஆக ஆக, பத்திரமாக இருக்கக்கூடிய வட்டம் சுருங்கிக் கொண்டே வருகிறது. எல்லாரும் ஒரே இடத்துக்கு நெருங்கி வந்தாக வேண்டும். கடைசியில் நிற்பவருக்கோ, ஒரே கூட்டாக ஆடும் நாலு பேருக்கோ வெற்றி. அரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்படி அந்த வட்டத்தைத் திட்டம் போட்டே சுருக்குகிறார்கள்.

தாயம் ஆடும்போது பால் பொங்கினால் "இரு, வந்துடறேன்" என்று எழுந்து போவோம். காய்கள் அப்படியே இருக்கும். இங்கே அது நடக்காது. நம் பிள்ளை எழுந்து போய்விட்டான் என்பதற்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரை நிறுத்தி வைக்க முடியுமா? அவன் போனால் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேராகி விடுகிறார்கள். தோற்றால் "உன்னாலதான்டா" என்று அவனைத்தான் சொல்வார்கள். கபடி ஆட்டத்தில் பாதியில் பையனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஆகவே, "மணி ஆறாயிடுச்சு, வை கீழே!" என்பது நமக்கு நியாயம், அவனுக்கு அநியாயம். நிமிஷக் கணக்கை விட்டுவிட்டு ஆட்டக் கணக்குக்கு வாருங்கள். "ரெண்டு மேட்ச். ரெண்டாவது முடிஞ்சதும் போன் அலமாரி மேல இருக்கணும்" என்று தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முக்கால் மணி இருக்கும்போது புது ஆட்டம் தொடங்க விடாதீர்கள். பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் பிள்ளை எந்த ரகம்?

மேலே சொன்ன பார்ட்டில், பல வருஷம் விளையாட்டை நடத்திப் பார்த்துவிட்டு, 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட வருகிறவர்களை நான்கு ரகமாகப் பிரித்து, சீட்டுக் கட்டின் நான்கு ஜாதிகளையே அவர்களுக்குப் பெயராக வைத்தார்.

டைமன் ரகம்: புள்ளி, பதவி, பரிசு சேர்ப்பதிலே குறி. "அம்மா, நான் பிளாட்டினம் ஆயிட்டேன்!" என்று ஓடி வருகிற பிள்ளை.

ஸ்பேடு ரகம்: மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்க்கிறவன். ஜெயிப்பதைவிட, இந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குப் பெரிது.

ஆட்டின் ரகம்: கூட்டாளிகளோடு பேசத்தான் வருகிறவன். ஆட்டம் ஒரு சாக்கு.

க்ளாவர் ரகம்: அடுத்தவனைக் கவிழ்ப்பதிலே ஆனந்தம்.

விளையாட்டை அமைப்பவரின் சாமர்த்தியமெல்லாம் இந்த நாலு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது என்கிறார் பார்ட்டில். கவிழ்க்கிறவர்கள் பெருத்தால் பேச வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள். பேச ஆளில்லாவிட்டால் இடமே காலியாகிவிடும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

நமக்கு இதில் என்ன உபயோகம்? இருக்கிறது. ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், எந்த ரகம் என்று பாருங்கள். பேச்சுக்காக ஆடுகிற பிள்ளை தனிமையில் தவிக்கிறான் என்று அர்த்தம் கொள்ளலாம். போனைப் பிடுங்கினால் அவன் சிநேகிதர்களையே பிடுங்கியதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையன்களை வீட்டுக்கு அழையுங்கள். பதவிக்காக ஆடுகிறவனுக்கு ஓட்டப் பந்தயமோ சதுரங்கமோ கைகொடுக்கும். தோண்டிப் பார்க்கிறவனை ஒரு நாள் புலிகாட் ஏரிப் பக்கம் அழைத்துப் போய்ப் பறவை காட்டுங்கள். கவிழ்த்து மகிழ்கிறவன் வேறெங்கோ அடி வாங்குகிறானா என்று மெல்ல விசாரியுங்கள்.

இனாம் என்றால் யார் செலவு?

இத்தனை பெரிய மைதானம் கட்டி, இரவு பகல் காவல் போட்டு, இனாமாக விடுகிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகும்? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

விளையாட்டு இனாம். உடுப்பு, துப்பாக்கிக் கலர், நடன அசைவு இவற்றுக்குத்தான் காசு. இவற்றால் பெரும்பாலும் பலம் கூடுவதில்லை; பவிசுதான் கூடும். ஆனால் பதின்மூன்று வயசில் பவிசு சின்ன விஷயமா? மேலும், ரூபாயாகக் காட்டாமல் 'யு.சி.' என்றும், 'ரோபக்ஸ்' என்றும், 'டைமண்ட்' என்றும் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். 1,200 ரூபாய் என்றால் பிள்ளையின் கை கொஞ்சம் தயங்கும். டைமண்ட் என்றால் தயங்காது. திருவிழா ராட்டினத்துக்கு டோக்கன் வாங்குகிற மாதிரிதான். டோக்கன் கைக்கு வந்ததும் காசு மறந்து போகும்.

தினமும் வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, இந்த மாதத்தோடு இந்த உடுப்பு தீர்ந்துவிடும் என்ற அவசரம், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற ஆசை: இவையெல்லாம் யோசித்து வைத்த தூண்டில்கள். மர்மப் பெட்டியைச் சூதாட்டம் என்றே சொல்லி பெல்ஜியம் நாடு 2018-ல் தடுத்தது. அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, அந்நாட்டு வர்த்தக ஆணையத்தோடு 2022 டிசம்பரில் செய்துகொண்ட சமரசத்தில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக் கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், குழப்பமான பொத்தான்களால் வேண்டாததை வாங்கிவிட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. பார்த்தீர்களா! பொத்தானை எங்கே வைப்பது என்பதில்கூட எத்தனை சூட்சுமம்!

நாம் செய்ய வேண்டியது எளிது. கூகுள் ப்ளே அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. தெரிந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். கூகுள் ப்ளே மூலமாகத் தெரியாமல் காசு போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்டுப் பாருங்கள். யாராவது ஏமாற்றிப் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிக் கொண்டே போய்விடும்.

அந்தக் கூட்டத்தில் யார் யார்?

2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டுக்குள் ஒரு கொள்ளை நோய் வந்தது. வேடிக்கையல்ல, கேளுங்கள். ஒரு தனிக் களத்தில் இருக்கும் அசுரன், தன்னோடு சண்டைக்கு வருபவருக்கு ஒரு ரத்த வியாதியைக் கொடுப்பான். அது அந்தக் களத்துக்குள்ளேயே இருக்க வேண்டியது. ஆட்டக்காரர்கள் வளர்த்த பிராணிகள் மூலமாக ஊருக்குள் வந்துவிட்டது! பெரிய பெரிய நகரங்களில் பொம்மை மனிதர்கள் கும்பல் கும்பலாக விழுந்தார்கள். சிலர் வைத்தியம் செய்ய ஓடி வந்தார்கள். சிலர் ஊரை விட்டே ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். கம்பெனிக்காரர்கள் கடைசியில் சர்வரைத் திருத்தி மறுபடி தொடங்கித்தான் அதை அடக்கினார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழ் குழுமத்தின் தொற்றுநோய்ப் பத்திரிகையில் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. கொரோனாவில் நாம் பார்த்த அதே மனிதர்கள்தானே!

விளையாட்டு பொம்மையாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு. திருவள்ளூர் வீரராகவர் கோவிலில் அமாவாசைக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விடுவோமா? ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டு, அதைவிடப் பெரிய கூட்டத்தில் தனியாக விட்டு விடுகிறோம். ஃபோர்ட்நைட் வழக்கில் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. பேச்சு வசதியைச் சிறு பிள்ளைகளுக்கும் தொடக்கத்திலிருந்தே திறந்து வைத்திருந்தார்கள். அதனால் பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்களோடு பேச நேர்ந்தது என்பதே அது. நம் தமிழ்நாட்டிலும், பப்ஜி ஆடிக்கொண்டே யூட்யூபில் ஆபாசமாகப் பேசி வந்த ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். லட்சக் கணக்கில் அவரைக் கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒழுங்காக நடத்தப்படும் விளையாட்டில் காவல் வேலைக்கென்று ஆட்கள் இருப்பார்கள். கெட்ட வார்த்தையைப் பிடிக்கும் வலை, புகார்ப் பொத்தான், வாயடைக்கும் பொத்தான், ஆளையே வெளியேற்றும் வசதி எல்லாம் உண்டு. இவற்றை எப்படிப் பயன்படுத்துவதென்று பிள்ளையிடமே கேளுங்கள்: "கண்ணு, யாராவது கண்டபடி பேசினா எதை அழுத்தணும்? எனக்கும் காட்டேன்." அவன் உற்சாகமாகக் காட்டுவான். சின்னப் பிள்ளைக்கு மைக் மூடியே இருக்கட்டும். தெரிந்த பள்ளிச் சிநேகிதர்களோடு மட்டும் திறக்கலாம். ஊர், பள்ளி, போட்டோ, போன் நம்பர் நான்கையும் யாருக்கும் தரக்கூடாது. வெளியே தனியாகப் பேச யாராவது கூப்பிட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழாது என்று வாக்குக் கொடுங்கள். திட்டு விழும் என்ற பயத்தினால்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஆபத்து என்று தோன்றினால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

ஹிந்தியில் பேசுகிறானே என்ற கவலைக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிப்காட்டில் வேலை செய்ய எத்தனை ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன! அடுத்த லைனில் இருக்கும் பையனாகவே இருக்கலாம். பாஷையைப் பார்க்காதீர்கள், ஆளை விசாரியுங்கள்.

அரசாங்கம் தடை செய்யாதா?

செய்தும் பார்த்தார்கள். 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜி உள்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த வருஷமே பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. அப்போது பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். பையன் அப்பாவின் வயசைப் போட்டு உள்ளே போனால் அந்த வரம்பு என்ன செய்யும்? முதலில் கணக்கில் என்ன வயசு போட்டிருக்கிறான் என்று பாருங்கள்.

காசு கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு சங்கதி. பல குடும்பங்கள் அழிந்த பிறகு தமிழ்நாடு அரசு 2022-ல் சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதற்கு "ரெண்டு மேட்ச்" என்ற சலுகையே கூடாது, வீட்டுக்காரரானாலும் சரி!

தண்டனையைப் பரிசாக மாற்றுங்கள்

கடைசியாக, விளையாட்டு செய்பவர்களிடமிருந்தே ஒரு யுக்தியைக் கற்றுக் கொள்வோம். மேலே சொன்ன வார்கிராஃப்ட் விளையாட்டை 2004-ல் வெளியிடுவதற்கு முன் பரீட்சை பார்த்தார்கள். ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடுகிறவருக்குப் புள்ளிகளைக் குறைத்தார்கள். கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆட்டக்காரர்களோ கொதித்துப் போனார்கள். பிறகு கணக்கை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, வார்த்தையை மாற்றினார்கள்: "ஓய்வெடுத்து வந்தால் இரட்டைப் புள்ளி; பிறகு சாதாரணப் புள்ளி." அதே ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள்!

நாமும் "படிக்கலைன்னா போன் கிடையாது" என்பதை விட்டு, "ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கி, காலையில பல் தேய்ச்சு வந்தா சனிக்கிழமை ஒரு மேட்ச் கூட" என்று சொல்லிப் பார்க்கலாம். ஒரே விதிதான், சொல்கிற விதம் வேறு. ஒரு நிபந்தனை: சொன்ன விதியை நாமே மாற்றக் கூடாது. விருந்தாளி வந்த அன்றைக்கு "போ, ஆடிக்கோ" என்று சலுகை, நமக்குத் தலைவலி வந்த அன்றைக்குப் பிடுங்கல் என்றிருந்தால் எந்த விளையாட்டும் நடக்காது, வீடும் நடக்காது.

இத்தனை செய்தும், பையன் சாப்பாடு, தூக்கம், படிப்பு, சிநேகிதம் எல்லாவற்றையும் விட்டு அதிலேயே கிடந்தால், கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் தவித்தால், அது பிடிவாதம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இது இடம் பெற்றிருக்கிறது. சாதாரணமாக ஒரு வருஷமாவது இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். ஆனால் உதவி கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சகோதரிக்கு என் பதில் இதுதான். போனைக் கையில் கொடுத்தது உங்கள் தப்பு அல்ல. நைட் ஷிஃப்ட் வீட்டில் அமைதியைக் காப்பது ஒரு பெண்ணுக்கு எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் அவர் தூங்கும்போது, இன்னொரு ஹெட்போனோ, அடங்கின குரலோ போதும், பையன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு முழு ஆட்டம் பாருங்கள். "இதுல நீ எங்கே இருக்கே? அந்த வட்டம் ஏன் சுருங்குது?" என்று கேளுங்கள். அதே நாளில் ரகசிய எண்ணை மாற்றுங்கள், மைக்கைப் பாருங்கள், ஆட்டக் கணக்கைப் பேசி முடியுங்கள். போன 1,200 ரூபாயை, அவன் கைச்செலவிலிருந்து மாதம் நூறாகக் கழித்துக் கொள்ளுங்கள், மறக்க மாட்டான்.

லீவு நாளில் ஒரு வேலையும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் தாயக் கட்டத்தை எடுத்துக் கொண்டு, ஆறு பேர் ஆடும்படி அதற்குப் புது விதி எழுதச் சொல்லுங்கள். ஆடிப் பார்க்கட்டும். யாராவது ஒருவருக்கே எப்போதும் ஜெயம் கிடைத்தால் விதியைத் திருத்தட்டும். பெரிய கம்பெனிகளில் விளையாட்டு செய்கிறவர்களும் முதலில் காகிதத்தில் இதைத்தான் செய்கிறார்கள். அப்பா தூங்கி எழுந்து வந்ததும் அவரையும் ஒரு காயோடு உட்கார வையுங்கள். யார் ஜெயித்தது என்று எனக்கு எழுதுவீர்கள் அல்லவா?